எட்டுப் பாட்டு, நாலு ஸ்டைல்: வியாசர்பாடிப் பையன்களின் ராப் ஆல்பம் எப்படி?

கேள்வி, பிப்ரவரி 6

வியாசர்பாடிப் பசங்களோட எட்டுப் பாட்டும் கேட்டு முடிச்சேன். முதல் பாட்டு பழைய நியூயார்க் பூம் பாப். மூணாவது டிராப். நாலாவது டிரில். மூணும் ராப்லயே வேற வேற வகை. ஆறாவது பார்த்தா சாவு வீட்டு கானா. ஆல்பம்னா ஒரு முகம் வேணாமா? ஒரே ஸ்டைலைப் பிடிச்சுப் போயிருந்தா பேர் வாங்கியிருப்பானுங்க. மைக் செட் அண்ணன் பெரிய பாக்ஸ்ல போட்டுக் கேட்டிருப்பாரு, அவர் சொல்லட்டும்.

பிப்ரவரி 6, இரவு

பெரிய பாக்ஸில் போட்டுத்தான் கேட்டேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று ஆள் வந்து சொல்லும்வரை ஓடியது.

விவரம் தெரியாதவர்களுக்காக: இந்த ஆல்பம் இன்னும் வெளிவரவில்லை, பெயரும் வைக்கவில்லை. வெளியிடுவதற்கு முன்னால் ஏரியா ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க, பையன்கள் பென் டிரைவிலும் வாட்ஸ்ஆப்பிலும் கொடுத்துவைத்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்துக்காகவே ஒழுங்காகக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

கலந்ததில் தப்பில்லை என்பது என் கட்சி. மூன்றாவது, ஆறாவது பாட்டுகளில் கானா தாளத்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. முதல் பாட்டிலும் எட்டாவதிலும் மேலே ஒட்டியிருக்கிறது. முகம் இல்லை என்று உங்களுக்குத் தோன்றுவது அந்த ஒட்டுப் போட்ட இடங்களால்தான். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், விடிந்தால் புளியந்தோப்பில் ஒரு காதுகுத்துக்கு பாக்ஸ் இறக்க வேண்டும்.

பிப்ரவரி 7

சரி, தாளம்.

கானாவில் வரும் நம் குத்து திஸ்ர நடை. ஓர் அடிக்குள் மூன்று தட்டு: தகிட, தகிட. டோலக் வாசிப்பவர் கையை உற்றுப் பார்த்தால் தெரியும். பூம் பாப் சதுஸ்ரம், ஓர் அடிக்குள் நான்கு தட்டு: தகதிமி, தகதிமி. நிமிடத்துக்கு 85 முதல் 95 அடி, டிரம்மின் கிக்கும் (கனமான அடி) ஸ்னேரும் (பளீரென்ற அடி) மாறி மாறி விழும், தலை தானாக ஆடும். டிராப் வேறு கணக்கு. கம்ப்யூட்டரில் 140 என்று போட்டிருப்பார்கள், காதுக்குப் பாதி வேகத்தில்தான் கேட்கும். நடுவில் நிறைய காலி இடம். அந்த இடத்தில் அட்லான்டா ராப்பர்கள் சொற்களை மும்மூன்றாக அடுக்குவார்கள், டிரிப்லெட் என்று பெயர். நம் காதுக்கு அதுவும் தகிட தகிடதான்.

மூன்றாவது பாட்டில் பையன்கள் இதைப் பிடித்துவிட்டார்கள். முதல் வெர்ஸ் முடிகிற இடத்தில் ஹை-ஹாட், அதாவது டிக் டிக் என்று ஓடும் தட்டுச் சத்தம், சட்டென்று நிற்கிறது, அதே மூன்றின் எண்ணிக்கையை டோலக் வாங்கிக்கொள்கிறது, கீழே 808 பேஸ், அதாவது டிரம் மெஷினின் ஆழமான அடி, அப்படியே ஓடுகிறது. கை மாறியதே தெரியவில்லை. கடையில் என்னோடு வேலை செய்யும் தம்பி ராப் என்றாலே எழுந்து போகிறவன். அந்த இடத்தில் அவன் கை தூக்கி ஆடினான்.

முதல் பாட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், பழைய கேசட்டிலிருந்து ஒரு கானாக்காரர் குரலை எடுத்து, 90 அடிக்குப் பொருந்துகிற மாதிரி இழுத்து நீட்டியிருக்கிறார்கள். கானா பாடுகிறவர் வரியின் கடைசி எழுத்தை இழுத்து, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் வந்து சேருவார். கேட்கிறவனுக்கு மயிர் சிலிர்ப்பது அந்தத் தாமதத்தில்தான். அதை வெட்டி நேராக்கிவிட்டார்கள். குரல் இருக்கிறது, ஆள் இல்லை.

பிப்ரவரி 7, மதியம்

"அப்ப பூம் பாப்ல கானாவே வரக் கூடாதா அண்ணே?" என்று கேட்டிருக்கிறார் கொடுங்கையூர்த் தம்பி.

தாராளமாக வரலாம். பூம் பாப் செய்தவர்கள் டிரம் மெஷினில் ஸ்விங் என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். இரண்டிரண்டு தட்டில் இரண்டாவது தட்டு சற்றுத் தாமதமாக விழும். 50 சதவீதம் என்றால் நேர்த் தாளம். ஏற்றிக்கொண்டே போய் 66-ஐத் தொட்டால் அது திஸ்ரமாகவே ஆகிவிடும். முதல் பாட்டின் ஸ்விங்கை அந்தப் பக்கம் நகர்த்தி, பழைய குரலை நீட்டாமல் அதன் போக்கில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பீட் போடும் பையனுக்கும் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 9

பேச்சு வேறு பக்கம் போகிறது, ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ் ராப் 2012-ல் கோயம்புத்தூரிலிருந்துதான் தொடங்கியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வருடம் ஹிப்ஹாப் தமிழா கொண்டுவந்த ஆல்பம் தமிழ்நாட்டில் பெரிய கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் 2006-லேயே மலேசியாவில் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பம் போட்டார்கள். அந்த எம்பி3 இங்கே கடைக்குக் கடை சிடியில் ஏறி வந்தது. அதற்கும் முன்னால் 1994-ல் 'காதலன்' படத்திலேயே மெட்ராஸ் பாஷையில் ராப் வந்துவிட்டது.

வட சென்னைக்கு முக்கியமான தேதி இவை எதுவும் இல்லை, 2018 ஜனவரி. கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. கானாப் பாடகர்களும் ராப்பர்களும் கிட்டாரும் சட்டியும் கட்ட மோளமும் ஒரே மேடையில். நான் கூட்டத்தில் ஸ்பீக்கர் பக்கமாக நின்றிருந்தேன், தொழில் பழக்கம். சாவு வீட்டிலும் கல்யாண ஊர்வலத்திலும் மட்டும் கேட்ட சத்தம் அவ்வளவு பெரிய மேடையில், அவ்வளவு சுத்தமான மிக்ஸில் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த வருடம் ராப்பர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' ஆல்பம் கொண்டுவந்தார்கள். இந்தப் பையன்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ராப்பும் கானாவும் ஒரே போனில், அடுத்தடுத்து வந்து விழுந்த பாட்டு. 'ஏன் கலந்தீர்கள்' என்று அவர்களிடம் கேட்டால் முழிக்கிறார்கள், அவர்கள் கேள்விப்பட்டதே கலந்துதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹிப் ஹாப் பிறந்ததாகச் சொல்லும் நாள் 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் பிராங்க்ஸில் தங்கையின் பார்ட்டிக்கு ரெக்கார்டு ஓட்டியவர் கூல் ஹெர்க். ஜமைக்காவில் பிறந்தவர், அங்கே தெருவுக்குத் தெரு பாக்ஸ் அடுக்கிப் பாட்டுப் போடும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர். அதாவது மைக் செட்காரர். இதைப் படித்த நாளிலிருந்து என் தொழில் மேல் எனக்கு இருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது.

பிப்ரவரி 10

போனில் கேட்டுவிட்டு "டிராப் பாட்டுல பேஸே இல்ல" என்பவர்களுக்கு: போன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் மாதிரி ஆழமான ஓசை வராது. ஹெட்போன் போடுங்கள், இல்லை கடைக்கு வாங்க.

ஆனால் பையன்களும் இதை யோசிக்க வேண்டும். நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் கேட்கப்போகிறார்கள், மீதிப் பேர் ஷேர் ஆட்டோவில். ஆட்டோவில் வேறு தொல்லை, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வூஃபர் பேஸை மட்டும் தள்ளும், வரி ஒன்றும் காதில் விழாது. மூலக்கடையிலிருந்து எம்.கே.பி. நகர் வரை ஆட்டோவில் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது பாட்டு நின்றது. எட்டாவது பாட்டில் என்ன சொல்கிறான் என்று டிரைவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. 808-க்கு மேலே கொஞ்சம் கரகரப்பு ஏற்றினால் சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் இருப்பது காதுக்குத் தெரியும், குரலுக்கும் இடம் கிடைக்கும்.

பிப்ரவரி 12

நாலாவது பாட்டு. டிரில். இதைப் பற்றித்தான் அதிகம் சண்டை.

பீட்டில் குறை சொல்ல முடியாது. ஹை-ஹாட் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிந்து விழுகிறது, பேஸ் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குகிறது, லண்டன் ஆட்கள் செய்கிற மாதிரியே. என் வருத்தம் வரிகளில். கத்தி, ஸ்கெட்ச், மாமூல், தூக்கிடுவேன், மடக்கிடுவேன். சிகாகோவில் 2010-களின் தொடக்கத்தில் டிரில் வந்தபோது அந்தப் பையன்கள் தங்கள் தெருவில் செத்தவர்களைப் பற்றிப் பாடினார்கள். நம் பையன்கள் யாரைப் பாடுகிறார்கள்? சினிமாவில் பார்த்த வட சென்னையைப் பாடுகிறார்கள். எழுதிய பையன் கூரியர் வேலை பார்க்கிறான், சாயங்காலம் தங்கைக்குக் கணக்குச் சொல்லித்தருகிறான். அந்தக் கூரியர் பையன் பாட்டில் எங்கே?

முகவரியில் வியாசர்பாடி என்று எழுதினாலே எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் நாம். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது பெரம்பூர் என்று எழுதிய ஆட்களை எனக்குத் தெரியும். வெளியே இருப்பவன் நம்மைப் பற்றி வைத்திருக்கும் படத்தை நாமே பெரிதாக்கிக் கொடுப்பது எனக்கு வலிக்கிறது. பாட்டை எடுத்துவிடச் சொல்லலாம் என்றுதான் இப்போதைக்கு நினைக்கிறேன்.

பிப்ரவரி 13

காசிமேட்டு நண்பர் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார், படிக்காதவர்கள் படியுங்கள். அவர் சொல்வதன் சாரம்: கோபம் இல்லாத மாதிரி நடிக்கச் சொல்லாதே. ராத்திரி வேலை முடிந்து வண்டியில் வரும்போது போலீஸ் நிறுத்தி, போனைப் பிடுங்கிப் பார்த்து, எந்த ஏரியா என்று கேட்கும் கேள்வியில் உண்டாகிற கோபம் அது. அதற்கு ஒரு பாட்டு வேண்டும்.

ராத்திரி முழுக்க இதையே யோசித்தேன். கோபம் வேண்டும் என்பதில் அவரோடு நிற்கிறேன். பாட்டை எடுக்க வேண்டாம். அதே பீட்டில், அந்தச் சறுக்கும் பேஸில், ராத்திரி வண்டியை நிறுத்துகிற காட்சியை வைத்தால் எப்படி இருக்கும்? டிரில்லின் அந்தப் பதற்றம் அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. முதல் வெர்ஸில் வரும் கத்தி எனக்கு இன்னமும் வேண்டாம். இரண்டாவது வெர்ஸில் நாலு வரி மட்டும், ஹெல்மெட்டைக் கழட்டச் சொல்லும் அந்த நாலு வரி, ஏற்கெனவே இதைத்தான் செய்கிறது. எழுதிய தம்பிக்கே அது தெரிந்திருக்கிறது. அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகலாம்.

பிப்ரவரி 14

ஐந்தாவது பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே? எண்ணூர்ப் பாட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்ததே, அது. மெதுவான பூம் பாப், பின்னால் ஒரே ஒரு ஆர்மோனியம். எண்ணூரில் என் சகலை இருக்கிறார், படகுக்காரர். அவருக்கு அனுப்பினேன். கையாலும் மக்காலும் எண்ணெயை அள்ளின வரியைக் கேட்டுவிட்டு, "இத எழுதுனவன் வந்து பாத்திருக்கான்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு இதற்கு மேல் விமர்சனம் தேவைப்படவில்லை. ஒரு மாத்திரைகூட மாற்றாதீர்கள்.

பிப்ரவரி 15

ஆறாவது பாட்டு. இதை எழுதத்தான் இத்தனை நாளாகத் தயங்கினேன்.

பாட்டைப் பாடிய பையனின் மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் சாவுக்கு மைக் செட் போட்டது நான்தான். பாட்டு தொகையறாவில் தொடங்குகிறது, தாளமே இல்லாமல், வெறும் குரல். அப்புறம் 808 வருகிறது, டிராப்பில் வருகிற மாதிரி மிரட்டலாக இல்லை, கட்ட மோளத்தின் அடி மாதிரி இடைவெளி விட்டு வருகிறது. அதன் மேல் ராப் வெர்ஸ். மறுபடி கானா. மூன்று ஸ்டைல் ஒரே பாட்டில், ஒன்றும் இடிக்கவில்லை.

சாவுப் பாட்டுக்கு பீட் போடுவது மரியாதையா என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். ஐயா, மரண கானாவே சாவு வீட்டில் ராத்திரி முழுக்க ஆட்களை உட்கார வைத்துக்கொள்ளத்தான் பாடப்பட்டது. பிணத்தின் பக்கத்தில் சொந்தக்காரர்கள் விடியும்வரை தனியாக இருக்கக் கூடாது என்பதற்காக. அதற்குள் சிரிப்பும் வரும், கிண்டலும் வரும், வாழ்க்கை என்ன என்கிற கேள்வியும் வரும். ராயபுரத்தில் தர்கா இருக்கிறதே, சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபு, அவர் பாட்டுகளிலிருந்து கானாவுக்கு வேர் பிடிக்கிறவர்களும் உண்டு. இந்தப் பாட்டு அந்த வேலையைத்தான் செய்கிறது, கருவி மட்டும் புதிது.

குறை ஒன்று. இரண்டாவது வெர்ஸில் பாடுகிற இடத்தில் ஆட்டோடியூன், அதாவது குரலின் சுரத்தைத் தானே நேராக்கும் மென்பொருள், போட்டிருக்கிறார்கள். சுரம் சுத்தமாக இருக்கிறது, அழுகை போய்விட்டது. கானாக்காரர் குரல் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில்தான் நடக்கும். அந்த இடத்தை மெஷின் அழித்துவிடுகிறது.

பிப்ரவரி 15, இரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா கடைக்கு வந்தார், செத்துப்போனவரின் தங்கை. பெரிய பாக்ஸில் ஒரு முறை கேட்க வேண்டும் என்றார். போட்டேன். நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் பாடியிருக்கான். எங்கண்ணன் பேரைச் சொல்லவே இல்லியேப்பா" என்றார்.

நான் டோலக் பிடித்த காலத்தில் இருந்து பார்க்கிறேன், மரண கானாவில் பேர் வரும். செத்தவர் பேர், பெண்சாதி பேர், பிள்ளைகள் பேர், அவர் எங்கே வேலை பார்த்தார், எந்த டீக்கடையில் உட்காருவார் என்பது வரை வரும். பேர் வருகிற இடத்தில்தான் கூட்டம் ஓவென்று அழும். பையன்களிடம் போன் போட்டுக் கேட்டேன். "எல்லாரும் தங்களோட மாமாவ நெனச்சுக்கட்டும்னுதான் அண்ணா பேர் போடல" என்றார்கள். யோசித்துச் செய்திருக்கிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனாலும் பேர் வேண்டும். அவர் பேரைச் சொன்னால்தான் எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வருவார். 'ஒரு மனிதர்' என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

பிப்ரவரி 18

ராப் வரியில் எதுகை எங்கே வர வேண்டும் என்று கேட்ட கல்லூரிப் பெண்ணுக்கு.

ஆங்கிலத்தில் வரிக் கடைசியில் ஓசை ஒத்துப்போக மெனக்கெட வேண்டும். தமிழில் அது சும்மா கிடைக்கும்: வந்தான், போனான், நின்றான், முடிந்தது ரைம். அதனால்தான் கடைசி ஓசையை மட்டும் நம்பி எழுதுகிற தமிழ் ராப் சீக்கிரம் சலித்துவிடுகிறது. நம் செய்யுளில் பலம் முன்னால் இருக்கிறது, இரண்டாம் எழுத்து எதுகை, முதல் எழுத்து மோனை. எட்டாவது பாட்டு முழுக்க -ஏன், -ஏன் என்று முடிகிறது, கேட்கச் சோர்வாக இருக்கிறது. ஏழாவது பாட்டில் பாடுகிற பெண் வரியின் தொடக்கத்திலும் நடுவிலும் ஓசையை வைக்கிறார், கடைசியைச் சும்மா விட்டுவிடுகிறார். எட்டுப் பாட்டிலும் வரி கட்டத் தெரிந்த ஆள் அவர்தான் என்பேன்.

அவருக்கு ஒரே ஒரு பாட்டு கொடுத்தது ஏன் என்று புரியவில்லை. பெண்கள் கானா பாடினாலே ஆச்சரியமாகப் பார்த்த ஏரியா இது. கானாப் பாடகி இசைவாணி 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்த பிறகும் எத்தனை கச்சேரியில் ஒரு பெண் கையில் மைக் போகிறது? நான் போடுகிற மைக்குகளையே எண்ணிச் சொல்கிறேன், மிகக் குறைவு. எட்டாவது பாட்டின் இரண்டாவது வெர்ஸை அவருக்குக் கொடுங்கள். வரியும் தேறும், ஆட்டோவில் கேட்டால் குரலும் பேஸுக்கு மேலே நிற்கும்.

பிப்ரவரி 22

புது மிக்ஸ் வந்தது. எல்லாம் மாறவில்லை, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதல் பாட்டில் ஸ்விங்கை ஏற்றியிருக்கிறார்கள், பழைய குரலை நீட்டாமல் விட்டிருக்கிறார்கள். கேசட் இரைச்சலோடு வருகிறது, ஆளும் வந்துவிட்டார். கேள்வி கேட்டுத் தொடங்கிய நண்பர் இதை மட்டுமாவது மறுபடி கேளுங்கள், முகம் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

நாலாவது பாட்டில் கத்தி இன்னும் ஒரு வரியில் இருக்கிறது. ஹெல்மெட் வரிகள் கோரஸாக ஆகிவிட்டன. அந்த ஒரு வரியைப் பற்றி எழுதிய தம்பியோடு பேசினேன், அவன் விடவில்லை. அது அவன் பாட்டு.

வரிசை விஷயத்தில் நான் சொன்னது: எண்ணூர்ப் பாட்டுக்கு அடுத்ததாகவே மாமா பாட்டு வரட்டும், இப்போது இருக்கிற மாதிரி. அதற்கப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு ஏழாவது. கடைசியில் எட்டாவதுக்குப் பதிலாக மூன்றாவதைப் போடச் சிலர் சொல்கிறார்கள், எனக்குச் சம்மதமில்லை. டோலக் வாங்கிக்கொள்ளும் அந்த இடம் முன்னாலேயே வந்துவிட்டால்தான் மீதிக் கலவையைக் கேட்கிறவர் நம்பிக் கேட்பார். எட்டாவதின் இரண்டாவது வெர்ஸுக்கு அந்தப் பெண் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆறாவது பாட்டில் பேர் வந்துவிட்டது. தொகையறா முடிந்து முதல் அடி விழுவதற்கு முன்னால் வருகிறது. டீக்கடையும் சேர்ந்திருக்கிறது. ஆட்டோடியூன் மட்டும் இரண்டாவது வெர்ஸில் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடையில் எல்லாரும் உட்கார்ந்து அது போட்டும் எடுத்தும் இரண்டு விதமாகக் கேட்கப்போகிறோம், பையனின் அம்மாவும் வருகிறார். வர முடிந்தவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வாங்க, ஷட்டரை முழுசாகத் திறந்துவைக்கிறேன், பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டேன்.